தியான ஆப்பைக் கட்டாயம் ஆக்கியிருக்காங்க. நைட் டியூட்டி பாக்கற நமக்கு இது உண்மையில உதவுதா?

வார்டு_அக்கா (திங்கள், இரவு 10.50)

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில நர்ஸ் இன்சார்ஜ். வேலைக்கு வந்து 16 வருஷம் ஆகுது. போன வாரம் எங்க நிர்வாகம் எல்லா ஸ்டாஃபுக்கும் ஒரு தியான ஆப்புக்குச் சந்தா கட்டிக் குடுத்திருக்காங்க. தினமும் பத்து நிமிஷம் கேக்கணும். யாரு எத்தனை நாள் விடாம கேட்டிருக்காங்கன்னு மாசக் கடைசியில ஹெச்.ஆருக்குப் பட்டியல் போகும். என் பொறுப்புல இருக்கற 22 பிள்ளைங்களையும் கேக்க வைக்க வேண்டியது என் வேலைன்னு சொல்லிட்டாங்க.

இதை வேண்டாம்னு சொல்ல நான் வரல. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. ஒரே ராத்திரியில இறந்துபோன நாலு பேரைக் கட்டி அனுப்பினேன். அதுக்கப்பறம் பல மாசம் வீட்டுல குக்கர் விசில் அடிச்சாக்கூட மானிட்டர் அலாரம்னு எழுந்து ஓடுவேன். அப்ப என் தங்கச்சி போன்ல ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்தா. மூச்சு உள்ள வர்றதையும் வெளிய போறதையும் கவனிக்கச் சொல்லும், அவ்வளவுதான். மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் அஞ்சு மணி நேரம் சேந்தாப்ல தூங்கினேன். அந்த அஞ்சு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். அதனால இது பலிக்கும்னு எனக்குத் தெரியும்.

ஆனா எங்க வார்டுல ஒரு பொண்ணு நேத்து சொன்னா: "அக்கா, டியூட்டியில எனக்குப் பத்து நிமிஷம் கெடைச்சா சாப்பிடுவேன். இல்லன்னா பாத்ரூம் போவேன்." அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உங்க ஊர்ல, உங்க ஆஸ்பத்திரியில யாராவது இதைச் செஞ்சு பாத்திருந்தா எழுதுங்க. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

அடிவாரம்_வண்டிக்காரன் (திங்கள், இரவு 11.25)

அக்கா, நான் ஆம்புலன்ஸ் ஓட்டறவன். ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் நோயாளியோட இறங்கி வருவேன். கீழ கேஷுவல்டியில விட்டுட்டு வண்டியைக் கழுவறப்பதான் கை நடுங்கும். ஓட்டறப்ப நடுங்காது. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அந்தச் சந்தாவெல்லாம் யாரும் குடுக்கல. உங்க வார்டுல பெட்பேன் எடுக்கற ஆயாம்மாவுக்குக் குடுத்திருக்காங்களா? கேட்டுப் பாருங்க.

வார்டு_அக்கா (திங்கள், இரவு 11.40)

கேக்கவே இல்ல தம்பி. இப்பத்தான் எனக்கு உறைக்குது. ஆயாம்மா ரெண்டு பேர்கிட்டயும் பட்டன் போன்தான் இருக்கு.

மனநலம்_சேலம் (செவ்வாய், காலை 7.10)

வணக்கம் அக்கா. நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருபவர்களில் செவிலியர்களும் இளம் மருத்துவர்களும் நிறையப் பேர். நீங்கள் கேட்டது பெரிய கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1979இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியோடு வாழ்ந்தவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். எட்டு வாரம். வாரம் ஒரு வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் தினம் முக்கால் மணி நேரம். எதிரே ஓர் ஆசிரியர், பக்கத்தில் அதே போல வலியோடு வந்த மற்றவர்கள். விழிப்புநிலைத் தியானம் (மைண்ட்ஃபுல்னஸ்) மருத்துவமனைக்குள் நுழைந்தது இப்படித்தான். பிறகு 2010இல் ஹெட்ஸ்பேஸ், 2012இல் காம் என்று தியானச் செயலி நிறுவனங்கள் தொடங்கின. ஹெட்ஸ்பேஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர் முன்னாள் புத்த பிக்கு. 2020இல் கொரோனா வந்தபோது பிரிட்டனின் அரசு மருத்துவ ஊழியர்களுக்கு இது போன்ற செயலிகளை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் ஊர் மருத்துவமனைகளும் இன்று அதே வழியில் யோசிக்கின்றன. ஆனால் முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியரும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பலன் உண்டா? உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு மருத்துவப் பணியாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தது. தியானம், தசைத் தளர்வு, எண்ணங்களைக் கையாளும் பயிற்சி போன்றவை மன அழுத்தத்தைச் சில மாதங்களுக்கு, ஓராண்டு வரைகூட, குறைக்கக்கூடும் என்றது. எனவே உங்கள் தூக்கம் திரும்பியது தற்செயல் இல்லை.

மறுபக்கம், 2024இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களைப் பார்த்தது. அது மருத்துவமனைகளை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல. நிறுவனம் தந்த செயலி, மனஉறுதிப் பயிற்சி, விழிப்புநிலை வகுப்பு ஆகியவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை. ஒரு கட்டத்தில் எடுத்த கருத்துக் கணிப்பு அது, முன்னும் பின்னும் அளந்தது அல்ல. அதனால் அதுவே கடைசி வார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: விரும்பிப் பயில்பவருக்குப் பயிற்சி உதவுகிறது. வேலையிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு கையில் செயலியை மட்டும் கொடுத்தால் அது எடுபடுவதில்லை.

ஏன் என்று பார்த்தால், பணிச்சோர்வு (பர்ன்அவுட்) என்ற இந்தச் சிக்கலின் வேரே வேலையிடத்தில் இருக்கிறது. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். மனம் வற்றிப்போவது ஒன்று. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் 'ஏழாம் பெட்' என்று மட்டும் பார்க்கத் தொடங்குவது இன்னொன்று. நான் செய்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றே எழுதியது. ஒரு நர்ஸ் மூன்று வென்டிலேட்டரைப் பார்த்தால் அவர் மூச்சை எவ்வளவு கவனித்தாலும் அங்கே இருப்பது மூன்று வென்டிலேட்டர்தான்.

அந்தப் பட்டியல் விஷயம் பற்றித் தனியே எழுதுகிறேன். இப்போது வெளிநோயாளிகள் வரும் நேரம்.

மலைச்செவிலியர் (செவ்வாய், மதியம் 2.15)

அக்கா, நான் சேர்வராயன் மலைமேல துணை சுகாதார நிலையத்துல கிராம செவிலியர். எனக்கும் ஒரு பயிற்சியில இந்த மாதிரி ஆப்பை இறக்கி வச்சுக் குடுத்தாங்க. நல்ல எண்ணத்துலதான் குடுத்தாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.

எங்க பக்கம் எப்படின்னா, பாதி ஊருக்கு டவர் கெடையாது. காப்பித் தோட்டம் வழியா நடந்து போய் கர்ப்பிணியைப் பாத்துட்டு, நோட்டுல எழுதிட்டு, சாயங்காலம் டவர் கெடைக்கற வளைவுல வந்து நின்னு அத்தனையும் போன்ல ஏத்தணும். இருட்டிடுச்சுன்னா காட்டெருமை நிக்கும், பயந்துகிட்டே ஏத்துவேன். அந்த வளைவுக்கு வந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். தடுப்பூசி விடுபட்டவங்க எத்தனை, பிரசவத் தேதி நெருங்கினவங்க எத்தனைன்னு மேல இருந்து செய்தி. அதோட சேத்து "நேற்று நீங்கள் தியானத்தைத் தவறவிட்டீர்கள்"னு இது ஒண்ணு. நாளெல்லாம் டார்கெட்லயே இருக்கற எனக்கு மூச்சு விடறதும் ஒரு டார்கெட் ஆயிடுச்சு. ஒரு நாள் அந்த வளைவுலயே நின்னு அழுதுட்டேன். அன்னைக்கே அழிச்சுட்டேன்.

மொழியும் ஒரு கஷ்டம். பாதி இங்கிலீஷ். தமிழ்ல இருந்ததும் யாரோ மேடையில பேசற மாதிரி இருந்துச்சு. "உங்கள் பிரக்ஞையை உள்முகமாகத் திருப்புங்கள்"னா எனக்கு என்ன புரியும்? எங்க அம்மா சொல்ற மாதிரி "செத்த நேரம் சும்மா உக்காரு கண்ணு, மூச்சை மெதுவா வுடு"ன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.

ஆனா அதுல கத்துக்கிட்ட ஒண்ணை மட்டும் விடல. வீட்டுக்குப் போறதுக்கு முன்ன வண்டியை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் உக்காருவேன். கண்ணை மூட மாட்டேன். மார்ச், ஏப்ரல்ல மழை ஒண்ணு விழுந்ததும் காப்பிப் பூ மணக்கும் பாருங்க, அந்த வாசனையில மட்டும் மனசை வைப்பேன். மத்த மாசத்துல காத்து சத்தம். அதுக்கப்பறம் வீட்டுல பசங்ககிட்ட எரிஞ்சு விழறது நெசமாவே கொறைஞ்சிருக்கு.

செவ்வாய்ப்பேட்டை_லேப் (செவ்வாய், மாலை 6.30)

எல்லாரும் ஆப்பைக் குறை சொல்ற மாதிரி போகுது. நான் கொஞ்சம் மாத்திச் சொல்லணும்.

நான் லேப் டெக்னீஷியன், கல்யாணம் ஆகாத பொண்ணு. போன வருஷம் எனக்குத் தெனமும் நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. மனநல டாக்டர்கிட்ட போகணும்னு எனக்கே தெரியும். ஆனா நம்ம ஊரு எவ்வளவு பெரிசு? அஞ்சு ரோடு பக்கம் ஒரு கிளினிக் வாசல்ல நின்னா, சாயங்காலத்துக்குள்ள குகையில இருக்கற எங்க பெரியம்மா வரைக்கும் சேதி போயிடும். அப்பறம் எங்க வீட்டுல வரன் பாக்கறவங்ககிட்ட யாரு பதில் சொல்றது? காதுல இயர்போனை மாட்டிக்கிட்டா நான் பாட்டுக் கேக்கறேன்னு எல்லாரும் நெனைச்சுப்பாங்க. அந்த மறைவு எனக்குத் தேவைப்பட்டுச்சு. மூணு மாசம் அதைக் கேட்டதாலதான் எனக்கு அடுத்த அடி எடுத்து வைக்கற தைரியம் வந்துச்சு. 14416க்கு போன் பண்ணினேன், தமிழ்லயே பேசினாங்க, பேரு ஊரு எதுவும் நோண்டல.

அதனால தயவு செஞ்சு ஆப்பே வேண்டாம்னு மட்டும் மேலிடத்துல சொல்லிடாதீங்க அக்கா. வேற வழியில்லாதவங்களுக்கு அது ஒரு கதவு.

வார்டு_அக்கா (செவ்வாய், இரவு 9.05)

இல்லம்மா, சொல்ல மாட்டேன். நீ எழுதினது எனக்கு ரொம்ப முக்கியம். எங்க பிள்ளைங்கள்லயும் உன்னை மாதிரி யாரோ இருப்பாங்க, எனக்குத் தெரியாமலே.

மனநலம்_சேலம் (செவ்வாய், இரவு 9.40)

லேப் சகோதரி சொன்னதை முழுதாக ஏற்கிறேன். 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநலத் தொலைபேசி, 24 மணி நேரமும் உண்டு. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது.

ஆனால் அவர் சொன்ன அந்த மறைவைத்தான் ஹெச்.ஆருக்குப் போகும் பட்டியல் உடைக்கிறது. யார் எந்த இரவில் 'பதற்றம்' என்ற பயிற்சியைத் திறந்தார் என்பது மேலிடத்துக்குத் தெரியும் என்றால், அதைத் திறக்கவே கை வராது. 2022இல் மொசில்லா அமைப்பு 32 மனநல, பிரார்த்தனைச் செயலிகளின் தகவல் பாதுகாப்பைச் சோதித்து, 28க்கு எச்சரிக்கைக் குறி இட்டது. ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: செயலி நிறுவனத்திலிருந்து உங்களுக்கு என்னென்ன வருகிறது, பெயரோடு வருகிறதா, வேலையை விட்டுப் போனால் அது அழிக்கப்படுமா என்று. பெயரில்லாத மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

கட்டாயம் என்பதிலும் பயனில்லை. 2019இல் வந்த ஓர் ஆய்வு 93 மனநலச் செயலிகளின் உண்மையான பயன்பாட்டை அளந்தது. முப்பதாவது நாளில் அவற்றைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். மக்கள் விட்டுவிடுவது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. மலைச்செவிலியர் அழித்தாரே, அது போல அவரவர்க்கு ஒரு காரணம் இருக்கும். கட்டாயப்படுத்தினால் போனைத் தலையணை மேல் ஓடவிட்டுவிட்டுத் துணி துவைப்பார்கள்.

பிஜி_இரண்டாம்_வருஷம் (புதன், அதிகாலை 3.20)

மனநலம் சார், ஒரு கேள்வி. நான் மேல்படிப்பு படிக்கற டாக்டர். இப்ப டியூட்டி ரூம்ல இருக்கேன்.

போன மாசம் ஒரு பச்சக் குழந்தை. நாற்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தி சிபிஆர் குடுத்தோம், உசுரு வரல. அந்த அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். ரூமுக்கு வந்து ஆப்ல பாடி ஸ்கேன் போட்டேன். கால்ல ஆரம்பிச்சு உடம்பு முழுக்க ஒவ்வொரு பாகமா கவனிக்கச் சொல்லும். "இப்போது உங்கள் கட்டைவிரல்களைக் கவனியுங்கள்"னு சொன்னப்ப, அந்தக் குழந்தை நெஞ்சை அழுத்தின அதே கட்டைவிரல். எனக்கு மூச்சே அடைச்சுடுச்சு. எழுந்து வெளிய ஓடிட்டேன். அதுக்கப்பறம் ஆப்பைத் திறக்கவே பயமா இருக்கு. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டனா?

மனநலம்_சேலம் (புதன், காலை 6.05)

தம்பி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு, கண்ணை மூடி உடம்புக்குள் கவனத்தைத் திருப்புவது சிலருக்கு அந்தக் காட்சியையே திரும்பக் கொண்டுவரும். நேரில் ஆசிரியர் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பார். பதிவு செய்த குரலுக்கு அது தெரியாது. செயலியின் எல்லை இதுதான்.

இப்போதைக்கு அந்த பாடி ஸ்கேன் பயிற்சி வேண்டாம். கண்ணைத் திறந்தே வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது, அதனால்தான் நீளமாக விடச் சொல்கிறோம். அதுவும் கஷ்டமாக இருந்தால் நிறுத்திவிட்டு நடந்துவாருங்கள்.

அதோடு ஒருவரிடம் பேசுங்கள், செயலியிடம் இல்லை. அந்தக் காட்சி ஒரு மாதம் தாண்டியும் வந்துகொண்டிருந்தால், தூக்கம் போனால், வேலைக்குப் போகவே நடுக்கம் என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் காத்திருக்காதீர்கள், 14416க்கு அப்போதே பேசுங்கள். எனக்குத் தனிச்செய்தியும் அனுப்பலாம்.

வார்டு_அக்கா (புதன், காலை 6.40)

தம்பி, சாப்பிட்டியா? நைட் முடிச்சதும் ரூமுக்குத் தனியாப் போகாத, கூட யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ. அந்த நாற்பது நிமிஷம் நீ நிறுத்தாம அழுத்தினதை அந்த அப்பா பாத்திருப்பாரு.

அடிவாரம்_வண்டிக்காரன் (புதன், காலை 8.00)

டாக்டர் தம்பி, அழுத்திக்கிட்டே மலை இறங்கி வந்திருக்கோம் நாங்களும். போன உசுரும் இருக்கு, ஆனா திரும்பி வந்த உசுரும் இருக்கு. பேசணும்னா நான் நைட்டெல்லாம் முழிச்சுதான் இருப்பேன்.

பிஜி_இரண்டாம்_வருஷம் (புதன், இரவு 8.15)

நன்றி அக்கா, அண்ணா. சார், தனிச்செய்தி அனுப்பியிருக்கேன். மதியம் ஆறு மணி நேரம் தூங்கினேன்.

வார்டு_அக்கா (மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 4.30)

அப்பறம் என்ன நடந்துச்சுன்னு எழுதறேன்.

மேட்ரன் மேடத்தைப் பாத்துப் பேசினேன். கோவமாப் பேசல. இங்க நீங்க எழுதினதையெல்லாம் யாரு பேரும் இல்லாம ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். பட்டியல்ல பேரு போறதை நிறுத்திட்டாங்க. இப்ப மொத்தம் எத்தனை பேருன்னு மட்டும்தான் போகுது. கட்டாயம்ங்கற வார்த்தையை சர்க்குலர்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆளைக் கூட்டறதைப் பத்திக் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல.

வார்டுக்குள்ள ரெண்டு விஷயம் நாங்களே ஆரம்பிச்சோம். முதலாவது கை கழுவறது. சோப்புப் போட்டுக் கழுவ 40ல இருந்து 60 செகண்ட் ஆகணும்னு நமக்கு எல்லாருக்கும் தெரியும், சிங்க் மேல படமே ஒட்டியிருக்கு. ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை கழுவறோம்! அந்த நேரத்துல அடுத்த மருந்தைப் பத்தி நெனைக்காம தண்ணி கையில படறதை மட்டும் கவனிங்கன்னு சொன்னேன். தனியா நேரமே வேண்டாம். அந்தச் சாப்பாட்டுப் பொண்ணு, "இது முடியும் அக்கா"ன்னா. ஆயாம்மாவுக்கும் சொல்லிக் குடுத்தோம். அதுக்குப் போன் எதுக்கு?

ரெண்டாவது, ஒரு சாவு நடந்தா செய்யறது. அமெரிக்காவுல வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில ஜோனதன் பார்ட்டல்ஸ்னு ஒரு நர்ஸ் ஆரம்பிச்ச பழக்கம் இது. நோயாளி இறந்ததும் குழாயைக் கழட்டறதுக்கு முன்ன, சுத்தி நிக்கற எல்லாரும் ஒரு நிமிஷம் போலப் பேசாம நிக்கணும். மதச் சடங்கு எதுவும் இல்ல. இறந்தவரையும் நினைச்சுக்கறது, கூட நின்னு பாடுபட்டவங்களையும் நினைச்சுக்கறது. போன வாரம் ஒன்பதாம் பெட் தாத்தா போனப்ப முதல் தடவையா நின்னோம். டியூட்டி டாக்டர், நாங்க மூணு பேரு, வாசல்ல ஆயாம்மா. 16 வருஷத்துல ஒரு பாடியைக் கட்டறதுக்கு முன்ன நான் நின்னதே இல்ல. அடுத்த அட்மிஷன் வந்துகிட்டே இருக்கும், போயிட்டே இருப்போம். அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவர் முகத்தை நினைச்சு அழுதேன். 2021ல அந்த நாலு பேருக்கு நான் அழவே இல்லைங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்பறம் ஞாயித்துக்கிழமை டியூட்டி முடிஞ்சவங்க கேன்டீன் பின்னால உக்காந்து தட்டுவடை செட்டு வாங்கி வச்சுப் பேசறோம். போன தடவை ஏழு பேரு. யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்ல, அந்த வாரத்துல மனசுல நின்னதைச் சொல்லணும், அவ்வளவுதான்.

ஆப்பை இன்னும் கேக்கறவங்க அஞ்சாறு பேரு இருக்காங்க. நானும் கேக்கறேன்.

மலைச்செவிலியர் (ஞாயிறு, இரவு 7.10)

அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரியே, உங்க குரல்லயே ஒரு அஞ்சு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி அனுப்பறீங்களா? நம்ம பேச்சுல. வளைவுல நிக்கறப்ப இறக்கி வச்சுக்குவேன், டவர் இல்லன்னாலும் கேக்கலாம். எங்க பக்கத்து ஆஷா அக்காவும் கேட்டாங்க.

வார்டு_அக்கா (ஞாயிறு, இரவு 9.55)

எனக்குக் கூச்சமா இருக்கு கண்ணு, ஆனா பண்ணறேன். நாளைக்கு எனக்கு ஆஃப். காலையில வீட்டுல குக்கர் வைக்கறதுக்கு முன்ன பேசி அனுப்பறேன்.